கூரையைப் பிடித்து வைக்கும் சட்டம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ஜன்னலை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன், அதை ஒரு பீரங்கியின் எதிரே நிறுத்துகிறார்கள். குண்டுக்குப் பதிலாக அதில் ஏற்றப்படுவது வெறும் மரச்சட்டம். எடை சுமார் 4 கிலோ. நம்மூர் மரக்கடையில் கேட்டால் இரண்டுக்கு நாலு என்று எடுத்துத் தருவார்களே, அதே அளவு. அழுத்தப்பட்ட காற்றின் விசையில் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அது பாய்ந்து கண்ணாடியில் மோதுகிறது. கண்ணாடி நொறுங்கலாம், ஆனால் ஓட்டை விழக்கூடாது. அடி வாங்கிய அதே ஜன்னலை ஆயிரம் முறைக்கு மேல் காற்றழுத்தத்தால் மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். அதற்கும் தாங்கி நின்றால்தான் மியாமியில் அது ஜன்னல் என்று பெயர் வாங்கும்.

ஏன் மரச்சட்டம்? ஏன் 4 கிலோ? ஏன் ஒரே அடியோடு விடாமல் ஆயிரம் தடவை? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் மியாமியில் இல்லை. ஒன்று வட ஆஸ்திரேலியாவில் கிடைக்கும். இன்னொன்று டென்மார்க்கின் ஒரு எரிவாயுத் தொழிற்சாலைப் புகைபோக்கிக்குள். மற்றொன்று ஸ்காட்லாந்தில் ஆற்றுக்குள் விழுந்த ஒரு ரயிலில். புயல் வீசும் கரைகளுக்கென்று எழுதப்பட்ட கட்டட விதிகள் ஓரிடத்தில், ஒருவர் உட்கார்ந்து எழுதியவை அல்ல. இடிந்த ஒவ்வொரு கட்டடமும் அதில் ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன்பே கடற்கரை மக்களுக்குக் கை அனுபவம் இருந்தது. அட்லாண்டிக் நடுவே உள்ள பெர்முடா தீவில் 1712, 1714 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் மர வீடுகளைத் துடைத்துப்போட்டன. அதன்பின் தீவுவாசிகள் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை அறுத்துச் சுவர் மட்டுமின்றிக் கூரையையும் கல்லாலேயே கட்டத் தொடங்கினார்கள். இறவாணத்தை வெளியே நீட்டாமல் சுவரோடு ஒட்ட வெட்டினார்கள். படிகளாக அமைத்து வெள்ளையடித்த அந்தக் கல்கூரைகள் இன்றும் மழைநீரை வீட்டுத் தொட்டிக்கு வழித்து விடுகின்றன. ஜப்பானின் ஓகினாவாவில் சிவப்பு ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒன்றோடொன்று பூசி, சுற்றிலும் பவளக்கல் மதில் எழுப்பினார்கள். ஆந்திரக் கடலோரத்து மக்கள் வட்டமாகச் சுவர் வைத்து, கீற்றைத் தரைக்கு அருகே வரை தாழ இறக்கினார்கள். காற்றுக்குப் பிடிமானம் தராத வடிவம் அது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. ஒரே ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தியிருந்தார்.

அரசாங்கங்கள் முதலில் கவலைப்பட்டது நெருப்பைப் பற்றித்தான். 1666-இல் லண்டன் எரிந்தது; அடுத்த ஆண்டே சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நெருப்பு கண்ணுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தாவும், அதற்கு விதி எழுதலாம். காற்றுக்கு எப்படி எழுதுவது? அது எத்தனை கிலோ விசையோடு சுவரைத் தள்ளுகிறது என்று யாருக்கும் தெரியாதே!

அந்தக் கணக்கை முதலில் பொதுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர். காற்றின் பலத்தை மதிக்க அவருக்கு நல்ல காரணம் இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கே கடலுக்குள் இருக்கும் எடிஸ்டோன் பாறையில் முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லி, 1703-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அந்தக் கட்டடத்தோடு சேர்ந்தே காணாமல் போனார். அதே பாறையில் பிற்பாடு கல்லால் கட்டி நிறுத்தியவர்தான் ஸ்மீட்டன். 1759-இல் காற்றாலைகளைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் அவர் ஓர் அட்டவணையைச் சேர்த்தார்: இந்த வேகத்தில் காற்று வீசினால் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு அழுத்தம். அட்டவணையில் இருந்த உறவு சரி. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது இன்றைக்கும் எல்லாப் புயல் விதிகளின் முதுகெலும்பு. ஆனால் அதில் இருந்த பெருக்கெண் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே எண்ணைப் பலர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி இறக்கையைக் கணக்கிட்ட ரைட் சகோதரர்களின் 1901-ஆம் ஆண்டுக் கிளைடர் எதிர்பார்த்த அளவுக்கு எழும்பவில்லை. பெருக்கெண் 0.005 இல்லை, ஏறத்தாழ 0.0033 என்று அவர்கள் தாங்களே கண்டுபிடித்த பிறகுதான் விமானம் பறந்தது. கூரையைக் காப்பதற்கான கணக்கும் விமானத்தைத் தூக்குவதற்கான கணக்கும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அட்டவணை இருந்தும் பொறியாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதி புயல்காற்றில் சரிந்தது. அப்போது மேலே போய்க்கொண்டிருந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச், காற்றுக்கென்று தனியாக எந்தக் கணக்கும் போடவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அடுத்து ஃபோர்த் கடல்முகத்தில் கட்டப்படவிருந்த பாலத்துக்குச் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் என்று ஒரு கடுமையான எண் விதிக்கப்பட்டது. பயத்தில் பிறந்த எண் அது. அந்தப் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர் அதோடு நிற்கவில்லை. கட்டுமான இடத்துக்கு அருகே உள்ள தீவில், 300 சதுர அடிப் பலகை ஒன்றையும் சின்னஞ்சிறு பலகைகளையும் நட்டு, காற்று அவற்றை எவ்வளவு தள்ளுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். சிறிய பலகையில் பதிவான அழுத்தம் பெரிய பலகையில் பதிவாகவில்லை. காற்று ஒரே சீராக வராமல் கொத்துக் கொத்தாக வருகிறது, பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நொடியில் அது தாக்குவதில்லை என்ற அறிவு அப்படித்தான் கிடைத்தது.

டே பாலத்தின் பாடம் நம் பாம்பன் வரை வந்து சேர்ந்தது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி வைத்து, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்ததை ராமேசுவரத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

டே, ஃபோர்த் பாலங்களின் காலம் வரை எல்லோரும் காற்று தள்ளுவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் புயலுக்குப் பிறகு பார்த்தால் கூரைகள் உள்ளே விழுந்து கிடப்பதில்லை, தெருவுக்கு அப்பால் கிடக்கின்றன. இந்தப் புதிருக்கு விடை கண்டவர் கோபன்ஹேகன் நகர எரிவாயுத் தொழிற்சாலையில் பணியாற்றிய பொறியாளர் யோஹான் இர்மிங்கர். அவரிடம் காற்றுச் சுரங்கம் எதுவும் கிடையாது. தொழிற்சாலையின் நெடிய புகைபோக்கி இருந்தது. அது எப்போதும் காற்றை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த இழுப்பை ஒரு குழாய் வழியே திருப்பி, குழாய்க்குள் சின்ன வீட்டு மாதிரிகளை வைத்து, சுவர்களிலும் கூரையிலும் அழுத்தத்தை அளந்தார். 1894-இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: காற்று கூரையை அழுத்துவதைக் காட்டிலும் உறிஞ்சி மேலே தூக்குவதே அதிகம். கூரையின் பாரம் சுவர்மேல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்த கட்டடக்கலைக்கு அது தலைகீழ்ப் பாடம். கூரையைத் தாங்கினால் போதாது, பிடித்து வைக்கவும் வேண்டும். என் மதிப்பில் இந்தக் கதையின் மிகப்பெரிய திருப்பம் இதுதான். வெப்பமண்டலச் சூறாவளி எட்டாத ஒரு வட ஐரோப்பிய நகரத்தில், வேறு வேலைக்காக எழுப்பிய புகைபோக்கியில் அது நிகழ்ந்தது.

அதே காலத்தில் ஃபுளோரிடா கொசுவும் சதுப்பும் நிறைந்த முனை. 1920-களில் அங்கே நிலவெறி பிடித்தது. வீட்டுமனைகள் காலையில் கைமாறி மாலையில் மறுபடி கைமாறின. அவசர அவசரமாக வீடுகள் முளைத்தன. 1926 செப்டம்பர் 18 அன்று பெரும் சூறாவளி மியாமியை நேராகக் கடந்தது. அதன் கண் நகரின் மேல் நின்றபோது காற்று சட்டென்று அடங்க, வடக்கிலிருந்து புதிதாகக் குடியேறியிருந்த பலர் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைத்துத் தெருவுக்கு வந்தார்கள். அரை மணி நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வந்தபோது அவர்கள் வெளியில் இருந்தார்கள். இந்த அழிவுக்குப் பின் மியாமி நகரம் சூறாவளிக் காற்றை மனத்தில் வைத்துக் கட்டட விதி எழுதியது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் தங்களுக்கும் எழுதிக்கொண்டன. 1957-இல் மியாமி அடங்கிய டேட் மாவட்டம் முழுமைக்கும் தெற்கு ஃபுளோரிடா கட்டட விதி வந்தது. நாட்டிலேயே கண்டிப்பானது என்று அது பெயரெடுத்தது.

அந்த மாவட்டத்தில் 1947 முதல் உதவிப் பொறியாளராக இருந்து விதிகளைச் செம்மைப்படுத்தியவர் ஹெர்பர்ட் சாஃபிர். 1969-இல் ஐக்கிய நாடுகள் சபை அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது: சூறாவளி வீசும் ஏழை நாடுகளில் மலிவு விலை வீடுகள் எப்படிக் கட்டுவது என்று ஆய்வு செய்ய வேண்டும். வேலையில் இறங்கியவருக்கு ஒரு தடை. நிலநடுக்கத்துக்கு ரிக்டர் அளவு இருக்கிறது. சூறாவளிக்கு அப்படி எதுவும் இல்லை. எந்த வேகத்துக்குக் கண்ணாடி உடையும், எந்த வேகத்துக்கு ஓடு பறக்கும், எந்த வேகத்துக்குச் சுவரே சாயும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை அவர் பிரித்து வைத்தார். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநர் ராபர்ட் சிம்ப்சன் அதனோடு கடல் எழுச்சியைச் சேர்த்தார். செய்திகளில் இன்று நாம் கேட்கும் 'நான்காம் வகைச் சூறாவளி', 'ஐந்தாம் வகைச் சூறாவளி' எல்லாம் அங்கிருந்து வந்தவை. வானிலை அளவுகோல் என்று உலகம் நினைத்துக்கொண்டிருப்பது ஏழை வீட்டின் கூரைக்காகப் போட்ட கணக்கு.

இதே ஆண்டுகளில் கனடாவில் ஒருவர் காற்றின் குணத்தையே வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தார். ஆலன் டேவன்போர்ட்; 1932-இல் சென்னையில் பிறந்தவர். தரையோடு உரசி வரும் காற்று எப்படிச் சுழல்கிறது, திடீர் வீச்சு ஒரு கட்டடத்தை எப்படி ஆட்டுகிறது என்பதைப் புள்ளியியல் கொண்டு கணித்து, 1965-இல் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். பேக்கர் பலகை நட்டுக் கண்டதற்கு டேவன்போர்ட் சூத்திரம் கொடுத்தார். இன்று பல நாட்டு விதிநூல்களில் அவர் வழிவந்த முறை இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களைக் கணக்கிட இந்தியத் தர நூலும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. சென்னையில் பிறந்தவரின் கணக்கு, கனடாவைச் சுற்றிக்கொண்டு சென்னைக்குத் திரும்பியிருக்கிறது.

இத்தனை நடந்தும் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருந்தது. பாலத்துக்குக் கணக்கு, ஐம்பது மாடிக்குக் கணக்கு, தொழிற்சாலைக்குக் கணக்கு. சாதாரண மனிதர் குடியிருக்கும் ஒற்றைத் தள வீட்டுக்கு மட்டும் கணக்கு கிடையாது. அது தச்சரும் கொத்தனாரும் வழக்கப்படி கட்டும் பொருளாகவே இருந்தது. இந்த வழக்கத்தை உடைத்தது ஆஸ்திரேலியா, இரண்டு கிறிஸ்துமஸ் விழாக்களின் விலை கொடுத்து.

1971 டிசம்பர் 24 அன்று குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரை ஆல்தியா என்ற புயல் தாக்கியது. அந்த ஊரில் இருந்த ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள், ஏன் இத்தனை வீடுகள் கூரையை இழந்தன என்று ஆராயத் தொடங்கினார்கள். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1974 டிசம்பர் 24 நள்ளிரவில், டார்வின் நகரை டிரேசி புயல் பிடித்தது. விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டரைக் காட்டிவிட்டு நின்றுபோனது. விடிந்தபோது நகரின் கட்டடங்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் அழிந்திருந்தன. ஏறக்குறைய 47,000 பேர் இருந்த ஊரிலிருந்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை வேறு நகரங்களுக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

இடிபாடுகளுக்கு நடுவே நடந்து ஆய்வறிக்கை எழுதியவர் அதே பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வாக்கர். அவர் கண்டது: பொறியாளர் கணக்குப் போட்ட பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் நின்றிருந்தன, வழக்கப்படி கட்டிய வீடுகள் போயிருந்தன. தகரக் கூரைகளில் ஒரு விசித்திரத்தையும் பார்த்தார்கள். ஆணிகளும் திருகுகளும் மரத்தில் அப்படியே இருந்தன. தகரம் மட்டும் அவற்றின் தலையைச் சுற்றிக் கிழிந்து கழன்றிருந்தது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறிந்துவிடும்; அதே களைப்புதான் அங்கேயும். அந்தத் தகரங்கள் விற்பனைக்கு வருமுன் சோதிக்கப்பட்டவைதான், ஆனால் ஒரே அழுத்தமாக அழுத்திச் சோதித்திருந்தார்கள். புயலோ மணிக்கணக்கில் வீச்சுக்கு வீச்சு இழுத்து விட்டு இழுத்து விட்டு விளையாடுகிறது.

மீண்டும் எழுந்த டார்வினில் விதிகள் அடியோடு மாறின. கூரைத் தகரத்தைப் பத்தாயிரம் முறை இழுத்துப் பார்த்த பின்பே ஏற்றார்கள். திருகின் தலைக்குக் கீழே அகலமான வாஷர் வந்தது. கூரைச் சட்டத்திலிருந்து சுவருக்குள்ளேயே இறங்கி அடித்தளம் வரை போகும் இரும்புக் கம்பிகள் வந்தன. பறந்துவரும் பொருள் அடித்துச் சுவரோ ஜன்னலோ ஓட்டையாகக் கூடாது என்று, 4 கிலோ மரச்சட்டத்தை எறிந்து பார்க்கும் சோதனையும் வந்தது. புயலில் தெருவெங்கும் பறந்தது பக்கத்து வீட்டுக் கூரையின் மரச்சட்டம்தான். அதனால்தான் சோதனையிலும் அதுவே. 1977-இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் பிறந்தது. 1980-களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து முழுவதும் சாதாரண வீட்டுக்கும் கணக்கு கட்டாயமானது. ஆஸ்திரேலிய உதவியோடு பசிபிக் தீவுகளுக்கும் இந்த விதிகளின் தழுவல்கள் கப்பலேறின.

இந்தப் பக்கம் 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. இலங்கை அரசு 1980-இல், பலத்த காற்றுக்கேற்பக் கட்டடங்களை வடிவமைப்பதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டுத் தீவை மூன்று காற்று மண்டலங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை அதில் முதல் மண்டலம். கணக்கு முறை பிரித்தானிய விதிநூலிலிருந்து வந்தது. ஆபத்து எங்கே என்ற அறிவை மட்டக்களப்பின் இடிந்த வீடுகள் கொடுத்தன.

இனி மீண்டும் மியாமி. நாட்டிலேயே கண்டிப்பான விதி தங்களுடையது என்ற பெருமையில் அந்த ஊர் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது. அதற்குள் விதி மெல்ல மெல்ல இளகியிருந்தது. பெரிய சூறாவளி வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்குத் தேவையோ ஏறிக்கொண்டே போனது. கூரைச் சட்டத்தின் மேல் பலகையை ஆணியால் அடிப்பதற்குப் பதில் துப்பாக்கி போன்ற கருவியால் ஸ்டேப்பிள் அடிக்க அனுமதி கிடைத்தது. வேகமாகச் சுட்டுக்கொண்டே போகும்போது பல ஸ்டேப்பிள்கள் கீழே உள்ள சட்டத்தில் பிடிக்காமல் தவறிப்போயின. மேலிருந்து பார்த்தால் வரிசை ஒழுங்காகத் தெரியும். பலகைக்கு அடியில் பிடிப்பே இருக்காது. ஆய்வாளர்களுக்கு ஒரு நாளில் பார்த்து முடிக்க வேண்டிய வீடுகளோ ஏராளம்.

1992 ஆகஸ்ட் 24 அதிகாலை ஆண்ட்ரூ சூறாவளி வந்தது. டேட் மாவட்டத்தில் 25,000 வீடுகளுக்கு மேல் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவை சேதமடைந்தன. 'மியாமி ஹெரால்டு' நாளிதழ் சேத விவரங்களையும் வீடு கட்டிய ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதிர்ச்சியான படம் தெரிந்தது. பழைய வீடுகளைவிட அண்மையில் கட்டியவைதான் அதிகம் நொறுங்கியிருந்தன. காற்றைக் காட்டிலும் கண்காணிப்பின் தளர்ச்சி செய்த வேலை அது என்று காட்டிய அந்தச் செய்திப் பணிக்கு 1993-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. இன்னொரு கதையும் அப்போது பரவியது. ஏழைகளுக்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்த ஹாபிடாட் அமைப்பின் வீடுகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. வந்தவர்கள் தொழில்முறைத் தச்சர்கள் இல்லை. போதுமா போதாதா என்ற ஐயத்தில் இரண்டு ஆணி வேண்டிய இடத்தில் நாலு அடித்திருந்தார்கள்.

ஆண்ட்ரூ கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் ஜன்னலைப் பற்றியது. காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னலோ, கார் நிறுத்தும் அறையின் கதவோ உடைந்தால் போதும். காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஏற்கெனவே உறிஞ்சல். இரண்டும் சேர்ந்தால் எந்தக் கூரையும் தாக்குப்பிடிப்பது கடினம். அப்படியானால் ஜன்னலைக் காப்பதும் கூரையைக் காப்பதும் ஒன்றுதான். தீர்வைத் தேடியபோது, டார்வினின் மரச்சட்டச் சோதனை கைவசம் தயாராக இருந்தது. 1970-இல் டொர்னாடோ சுழலில் சிக்கிய லபக் நகரின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில், பொருள்களைப் பீரங்கியில் வைத்துச் சுட்டுப் பார்க்கும் அனுபவமும் சேர்ந்திருந்தது. இரண்டும் மியாமியில் கைகோத்ததில் பிறந்ததுதான் நாம் முதலில் பார்த்த அந்தச் சோதனை. மாவட்ட விதிகளுக்குப் பதிலாக 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஃபுளோரிடா கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. மியாமி உள்ளிட்ட தெற்கு மாவட்டங்கள் இரண்டுக்கு இன்னும் கடுமையான தனிப் பிரிவு.

ஆனால் மாநிலத்தின் வடமேற்கு முனையிலிருந்த மாவட்டங்கள் தங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று சலுகை வாங்கிக்கொண்டன. ஜன்னல் பாதுகாப்புக் கட்டாயம் அங்கே சில ஆண்டுகள் கடலிலிருந்து ஒரு மைலுக்குள் மட்டும்தான். 2018 அக்டோபரில் மைக்கேல் என்ற ஐந்தாம் வகைச் சூறாவளி அந்த முனையைத்தான் தேர்ந்தெடுத்தது. மெக்சிகோ பீச் என்ற சிற்றூர் ஏறக்குறையத் தரைமட்டமானது. விதி கேட்டதைவிடப் பலமடங்கு உறுதியாகக் கட்டப்பட்ட ஒரு வீடு கடற்கரையோரம் தனித்து நின்ற புகைப்படம் உலகம் சுற்றியது.

நம் நாட்டுக்கு வருவோம். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களைப் பற்றிய இந்தியத் தர நூல் ஐ.எஸ். 875. 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் காற்றுக்கென்று தனிப் பகுதி வந்து, நாடு ஆறு வேக மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கோவைக்கும் மதுரைக்கும் விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. இந்த 50 என்பது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 150 கிலோ விசை என்று நூலின் சூத்திரமே சொல்கிறது. பத்துக்கு இருபது அடி தகரக் கூரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தகரத்தின் எடை நூறு கிலோவைக்கூட எட்டாது. காற்று அதை மேலே இழுக்கும் விசை இரண்டரை டன்னைத் தொடும். மேலே நாலு கல்லைத் தூக்கி வைப்பதால் பயனில்லை என்பது இந்தக் கணக்கில் தெளிவாகிறது. அந்தக் கல்லும் அடுத்த வீட்டின்மேல் போய் விழும்.

1999-ஆம் ஆண்டு ஒடிசாப் பெரும்புயலுக்குப் பிந்தைய அனுபவங்கள் 2015 திருத்தத்தில் சேர்ந்தன. கிழக்குக் கரையிலும் குஜராத்திலும் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் வரை, மருத்துவமனை, புயல் காப்பகம் போல் புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு வேகத்தை 1.3 ஆல் பெருக்க வேண்டும். வேகத்தின் வர்க்கம்தான் விசை என்பதால் கட்டடம் தாங்க வேண்டியது 69 விழுக்காடு கூடிவிடும். தொழிற்கூடங்களுக்கு 1.15. வீடுகள் உள்ளிட்ட இதர கட்டடங்களுக்குக் கூடுதல் எதுவும் இல்லை.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். டார்வின் 1974-இல் கற்ற பாடம், பொறியாளரின் கணக்கு சிறிய வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது. நம்மிடம் அதற்கு நூல் இல்லாமல் இல்லை. 2004-இல் வந்த ஐ.எஸ். 15498, தாழ்வான சிறு வீடுகளைப் புயலுக்கு எதிராக உறுதிப்படுத்துவது எப்படி என்று சொல்வதற்காகவே எழுதப்பட்டது. நாற்புறமும் சரிந்த கூரை நல்லது. சரிவு 22 முதல் 30 பாகைக்குள் இருந்தால் உறிஞ்சல் குறையும். கீற்றுக் கூரையானால் ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் குறுக்கும் மறுக்குமாகக் கயிறு கட்டிச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டுகிறது. பெரிய செலவு பிடிக்கும் யோசனைகள் இல்லை. ஆனால் வேதாரண்யத்தில் வீடு கட்டும் கொத்தனாரின் கைக்கு அது தமிழில், படங்களோடு, ஊராட்சி அலுவலகம் வழியாகப் போய்ச் சேர வேண்டாமா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது காவிரி டெல்டாவில் கூரையை இழந்தவர்கள் பெரும்பாலும் ஓட்டு வீட்டிலும் கீற்று வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் இருந்தவர்கள். அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடுகளோடு இந்த வழிகாட்டியையும் அச்சிட்டுக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை.

கடலோர மாவட்டத்தில் வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் உங்கள் பொறியாளரிடம் காற்று வேகம் எத்தனை என்று எடுத்துக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். மாடியில் தகரக் கொட்டகை போடுகிறீர்கள் என்றால், தகரம் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினோடும், பர்லின் தூணோடும், தூண் கான்கிரீட்டோடும் எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் மிக அதிகம். அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் அகல வாஷர் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே, துருப்பிடித்தவற்றை மாற்றிவிடுங்கள்.